இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவர்கள் பதிலும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில், நேர்காணலுக்குத் தயாராவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. சட்டை என்ன நிறத்தில் இருக்க வேண்டும், எப்படிக் கைகுலுக்க வேண்டும், நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு புன்னகைக்க வேண்டும் என்று முக்கால் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் பல வருடங்களாக ஆட்களைத் தேர்வு செய்யும் பேனலில் உட்கார்ந்து வருகிறேன், அதற்கு முன்னால் எல்லாரையும் போல எதிர்ப்பக்கத்து நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். சட்டை கசங்கியிருந்தது என்பதற்காக ஒருவரை வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. தான் செய்த வேலையைத் தானே சொல்லத் தெரியாததால் விட்டுவிட வேண்டி வந்தவர்கள்தான் நிறைய, அவர்களில் பலர் நல்ல வேலைக்காரர்கள் என்று இப்போதும் நம்புகிறேன்.

இன்னொன்று. அந்தக் கட்டுரை, வந்தவர் நன்றி சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வருவதோடு முடிந்துவிடுகிறது. வேலை தேடுகிறவருக்குக் கஷ்டமே அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்புகிறார்கள், அப்புறம் ஒரு தகவலும் வராது. அதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரியாவது வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல்தான் பிள்ளைகள் கண்டதையும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். 1921இல் தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்குச் சுமார் 150 பொது அறிவுக் கேள்விகள் கொடுத்துத் தேர்வு வைத்தார். அந்தக் கேள்விகள் பத்திரிகைகளில் வெளியாகி ஊரெல்லாம் பேச்சானது. அந்தச் சமயம் அமெரிக்காவுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதில் ஒரு கேள்வியை, ஒலியின் வேகம் என்ன என்று கேட்டபோது, புத்தகத்தில் கிடைக்கிற விஷயத்தைத் தான் தலையில் தூக்கிக்கொண்டு திரிவதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்தப் பொது அறிவு மோகம் அதோடு ஒழியவில்லை, கூகுள் காலம் வரைக்கும் வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருந்தது, ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற மாதிரியான புதிர்கள். கூகுளில் ஆள் சேர்ப்புக்கு அப்போது தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், அந்தப் புதிர்கள் சுத்த நேர விரயம், யார் நன்றாக வேலை செய்வார் என்பதை அவை காட்டுவதே இல்லை என்று.

எது காட்டுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆள் தேர்வைப் பற்றிய 85 வருட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர் 1998இல் ஒரு பெரிய கட்டுரை எழுதினார்கள். அதே கணக்கைப் பால் சாக்கெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2022இல் மறுபடி சரிபார்த்தார்கள். சில எண்கள் மாறின, பழைய முடிவுகள் சில கீழே இறங்கின, ஆனால் ஒழுங்குபடுத்திய நேர்காணல் மட்டும் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஒழுங்குபடுத்தியது என்றால் வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகள், அந்த வேலையிலிருந்தே எடுத்த கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் முன்கூட்டியே முடிவு செய்த மதிப்பெண். மனம் போன போக்கில் பேசிப் பார்த்து, இவர் நம்ம ஆள் மாதிரி இருக்கிறார் என்று எடுப்பது அதைவிட ரொம்பப் பின்னால்தான் நிற்கிறது.

இதனால் வேலை தேடுகிறவருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. கேள்விகள் வேலையிலிருந்து வருகின்றன என்றால், கேள்வித்தாள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது: அந்த வேலை அறிவிப்புதான். பத்து நிறுவனங்களுக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டு, கூப்பிட்டதும் இது எந்த வேலை என்று ஞாபகம் இல்லாமல் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பை எடுத்து ஒரு தாளில் வரி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை நான் எப்போது செய்தேன், எங்கே செய்தேன் என்று ஒரு சம்பவம் எழுதுங்கள். எழுத ஒன்றும் வராத வரி இருந்தால் அதுதான் உங்கள் பலவீனமான இடம், அங்கேதான் கேள்வி விழும். அதற்குப் பக்கத்தில் வருகிற வேறு அனுபவம் என்ன இருக்கிறது, கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று யோசித்துக்கொண்டு போங்கள். அங்கே போய் முழிப்பதைவிட, இது நான் செய்ததில்லை, ஆனால் இதற்கு நெருக்கமாக இதைச் செய்திருக்கிறேன் என்று சொல்வது ஆயிரம் மடங்கு நல்லது.

இப்போதெல்லாம் பாதிக் கேள்விகள், ஒரு சமயம் இப்படி நடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற வகைதான். இது 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் வடிவமைத்த முறை, ஒருவர் முன்பு நடந்துகொண்ட விதம் இனி நடந்துகொள்ளப்போகும் விதத்தைக் காட்டும் என்ற நம்பிக்கையில் வந்தது. அதனால் ஐந்தாறு சம்பவங்களை முழுசாக யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. ஒரு சண்டையைத் தீர்த்தது, ஒரு கெடு தவறப்போனதைக் காப்பாற்றியது, தெரியாத ஒன்றை அவசரமாகக் கற்றுக்கொண்டது, மேலதிகாரியோடு கருத்து மாறுபட்டது, சரியாக வராமல் போன ஒன்று. இந்த ஐந்தாறு கைவசம் இருந்தால் எந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஏதோ ஒன்று பொருந்தும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், நாங்கள் என்ற சொல். நம் பிள்ளைகளுக்குப் பணிவாகப் பேசிப் பழக்கம். நான் செய்தேன் என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடும் என்று நினைத்து, நாங்கள் செய்தோம், எங்கள் டீம் செய்தது என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்கிறவருக்கோ முன்னால் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது, டீமுக்கு அதில் கட்டம் கிடையாது. கிடங்கில் சரக்கு இருப்புப் பார்க்கும் வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தார். முந்தைய இடத்தில் கணக்கு வித்தியாசத்தை நாங்கள் வெகுவாகக் குறைத்தோம் என்றார். சரி, அதில் நீங்கள் என்னம்மா செய்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் இரண்டு வேறு அளவுகள் வருகின்றன, எல்லாரும் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது தான்தான் என்றும், கலர் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லி, முதல் வாரம் ஷிஃப்ட் முடிந்த பிறகு இருந்து தானே ஒட்டினதாகவும் சொன்னார். அந்த ஒரு பதிலில் அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது. நான் குடைந்து கேட்டதால் வெளியே வந்தது. குடைந்து கேட்காத பேனலில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணைச் சராசரி என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். அதனால் நாங்கள் என்று ஆரம்பித்தாலும், அதில் என் பங்கு இது என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வர வேண்டும்.

முதல் வேலைக்குப் போகிறவர்கள் எங்களிடம் சம்பவமே இல்லையே என்பார்கள். இருக்கும். கல்லூரி ப்ராஜெக்டில் கூட இருந்தவன் பாதியில் விட்டுப்போனபோது என்ன செய்தீர்கள், பகுதிநேர வேலையில் கோபமாக வந்த வாடிக்கையாளரை எப்படிச் சமாளித்தீர்கள், வீட்டில் ஒருவர் உடம்பு சரியில்லாமல் கிடந்தபோது படிப்பையும் பார்த்துக்கொண்டு மருத்துவமனைக்கும் எப்படி அலைந்தீர்கள். எல்லாமே வேலைதான். சம்பளம் வந்ததா என்பது இங்கே முக்கியமில்லை.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற முதல் கேள்விக்கு ஒன்றரை நிமிடம் போதும். பிறந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆரம்பிக்க வேண்டாம். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், இதற்கு முன் எது என்னை இங்கே கொண்டுவந்தது, இந்த வேலை ஏன் அடுத்ததாகச் சரியாக இருக்கும் என்று மூன்று துண்டு. அந்த ஒன்றரை நிமிடத்தில் நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதிலிருந்துதான் அடுத்த பத்து நிமிடக் கேள்வி வரும், ஆகவே எதைக் கேட்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்கிற வாய்ப்பு அது.

அப்புறம், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தியிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அதாவது குறிப்பைத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு தைரியம் வரும், அந்தத் தைரியத்தை நம்பிப் போகக்கூடாது. குறிப்பை மூடிவிட்டு நண்பரிடமோ தம்பியிடமோ சொல்லிப் பாருங்கள், ஆள் கிடைக்காவிட்டால் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், எங்கே இழுக்கிறோம், எங்கே முடிக்கத் தெரியாமல் சுற்றுகிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

வாய்விட்டுச் சொல்வது வேறு, வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்வது வேறு. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பதுதான் என் பலவீனம் என்று வரிசையாக வந்து சொல்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வருவதும் சேர்ந்திருக்கிறது, மொழி வழவழவென்று இருக்கும், சரி, அந்தச் சமயத்தில் எதிரில் இருந்தவர் என்ன சொன்னார் என்று ஒரு கேள்வி கேட்டால் அதோடு நின்றுவிடும். யோசிப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை, கேள்விகள் கேட்கச் சொல்லிப் பழகுங்கள். சம்பவம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். பலவீனத்தையும் உண்மையாகவே சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து.

நிறுவனத்தைப் பற்றிப் படிப்பது என்றால் எந்த வருடம் தொடங்கினார்கள், எத்தனை கிளைகள் என்பது இல்லை. அவர்கள் எதை விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், இந்தப் பதவி அந்த வேலையில் எங்கே உட்காருகிறது என்பதுதான். அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் பத்து நிமிடம் பேச முடிந்தால் வலைத்தளத்தை முழுதாகப் படிப்பதைவிட அதிகம் தெரியவரும். கடைசியில் எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்பார்கள், இல்லை சார் என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். இந்த இடம் ஏன் காலியானது, முதல் மூன்று மாதத்தில் வருகிறவர் எதை முடித்தால் நீங்கள் திருப்திப்படுவீர்கள், நான் யாரிடம் ரிப்போர்ட் செய்வேன். இந்த மூன்றும் மரியாதையான கேள்விகள். பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்தில் சேரலாமா என்று நீங்களும் யோசிக்கலாம். ஏன் காலியானது என்ற கேள்விக்குப் பேனலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வீடியோவில் நடக்கிற நேர்காணலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரம் சராசரியாக 200 மில்லி விநாடி அளவில்தான் இருந்தது. லைன் அதைவிடத் தாமதமானால் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் ஆர்வமில்லாதவர் போலவும் கவனிக்காதவர் போலவும் தோன்றிவிடும், காரணம் லைன்தான் என்று அவருக்கே தெரியாது. 2014இல் இதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள், 1.2 விநாடித் தாமதத்துக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. அதனால் தொடக்கத்திலேயே, சத்தம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, நான் ஒரு நொடி விட்டுப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பேனலில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பதற்றம் எல்லாருக்கும் உண்டு, அதை ஒழிக்க முடியாது, ஒழிக்கப் பார்க்கவும் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், கேள்வியை இன்னொரு தடவை கேட்கலாம், யோசித்துச் சொல்கிறேன் என்று பத்து விநாடி எடுத்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

சம்பளத்துக்கு வருவோம். கீழே இறங்க முடியாத தொகை எது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். முன்பு எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டு அதன்மேல் கொஞ்சம் ஏற்றித் தருவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. ஒரு தடவை குறைவாக வாங்கியவர் ஆயுசுக்கும் குறைவாகவே வாங்குவதற்கு இதுதான் வழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வேலை கொடுக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று 2016இல் சட்டம் போட்டது, பின்னால் வேறு மாநிலங்களும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதியும் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது, வேலைக்கான சம்பள வரம்பை விண்ணப்பித்தவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும், இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற வரம்பு என்ன என்று திருப்பிக் கேட்கலாம், கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. வேலையில் இடைவெளி இருந்தால் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். நீட்டி விளக்கினால்தான் சந்தேகம் வருகிறது.

இனி வெளியே வந்த பிறகு.

உண்மையில் இது உள்ளே இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். எழுந்திருப்பதற்கு முன், முடிவு எப்போது தெரியும், அந்தத் தேதிக்கு அப்புறம் நான் யாரிடம் கேட்கலாம் என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவைத்தவருக்கு அடுத்த மூன்று வாரம் எவ்வளவோ லேசாகப் போகும். கேட்காதவர் மூன்றாம் நாளிலிருந்து போனைப் பார்க்க ஆரம்பிப்பார்.

அன்று சாயங்காலமே கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்னதையும் எழுதிவையுங்கள், இரண்டாவது சுற்றில் அதிலிருந்துதான் தொடர்வார்கள். அடுத்த நாளுக்குள் ஒரு சின்ன மெயில் போடுங்கள். பலர் இணையத்திலிருந்து ஒரு மாதிரியை எடுத்து அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள், படித்ததும் தெரிந்துவிடும். நான் மேலே சொன்ன பெண் அனுப்பிய மெயில் கிட்டத்தட்ட இப்படி இருந்தது: இன்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. இருப்புக் கணக்கை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்ப்பதற்குப் பதிலாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கும் முறைக்கு மாறப்போவதாகச் சொன்னீர்கள். முந்தைய இடத்தில் அந்த மாற்றம் நடந்தபோது நான் இருந்தேன், தேவைப்பட்டால் விவரமாகச் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்கு விருப்பம் இருக்கிறது, பதினைந்தாம் தேதிக்குள் தகவல் வரும் என்றீர்கள், எதிர்பார்க்கிறேன். அவ்வளவுதான். எந்த நேர்காணலுக்கும் அனுப்பக்கூடிய மெயிலாக இல்லாமல் அந்த உரையாடலுக்கு மட்டும் பொருந்துகிற மெயிலாக இருக்கிறது, அதுதான் விஷயம். இந்த மெயிலால் மட்டும் வேலை கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுமாராகப் பதில் சொன்னவரை மெயில் காப்பாற்றாது. இரண்டு பேர் சமமாக நிற்கும்போது உதவும்.

சொன்ன தேதி கடந்துவிட்டால் இரண்டு மூன்று வேலை நாள் விட்டு ஒரு மெயில். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதோடு சரி. பேனலில் இருந்தவரின் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் எழுதுவது, ராத்திரியில் கூப்பிடுவது, தெரிந்தவர் மூலம் அழுத்தம் கொடுப்பது எல்லாம் இருக்கிற நல்லெண்ணத்தையும் கெடுத்துவிடும். இடைப்பட்ட நாளில் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நன்றாகப் பேசினார்கள், கண்டிப்பாகக் கிடைத்துவிடும் என்று மற்ற நேர்காணல்களுக்குப் போகாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். நன்றாகப் பேசுவது எங்கள் வேலையின் ஒரு பகுதி, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்ட ஆளிடமும் நன்றாகத்தான் பேசுவோம்.

இல்லை என்று பதில் வந்தாலும் மரியாதையாக ஒரு வரி எழுதி, அடுத்த தடவைக்கு நான் எதைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எல்லாரும் சொல்ல மாட்டார்கள், சொல்கிறவர் சொன்னால் லாபம். முதலில் தேர்வானவர் வேறு இடத்துக்குப் போய்விடுவதும், இரண்டாவதாக வந்தவரைத் திரும்பக் கூப்பிடுவதும் நாங்கள் அடிக்கடி பார்க்கிற விஷயம். கிடைத்துவிட்டதென்றால், எழுத்தில் ஆஃபர் கைக்கு வரும்வரை இருக்கிற வேலையை விடாதீர்கள். வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டு நடுவில் நிற்பவர்களுக்கு யாராலும் உதவ முடிவதில்லை. எந்தக் கட்டத்திலும், பதிவுக் கட்டணம், பயிற்சிக்கு முன்பணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை தேடுகிறவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் தனியார் வேலைவாய்ப்பு முகவாண்மைகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருட உடன்படிக்கையே, அதன் எண் 181.

இவ்வளவும் வேலை தேடுகிறவருக்குச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் உட்காருகிற எங்களுக்கு யார் சொல்வது?

ஒருவரை மூன்று சுற்று கூப்பிடுகிறோம். இருக்கிற வேலையில் பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வருகிறார், ராத்திரி உட்கார்ந்து டெஸ்ட் எழுதி அனுப்புகிறார், எங்கள் நிறுவனத்தைப் பற்றி எங்களைவிட நன்றாகப் படித்துக்கொண்டு வருகிறார். அதற்கப்புறம் நாங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. வீட்டில் தினமும் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள், என்ன சொல்வார்? இல்லை என்று தெரிந்தால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஆளைத் தின்கிறது. தன்மேலேயே சந்தேகம் வந்து, அடுத்த நேர்காணலுக்குப் பாதி நம்பிக்கையோடு போகிறார்.

ஹெச்.ஆர்.காரர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். நிறையப் பேர் விண்ணப்பிக்கிறார்கள், எல்லாருக்கும் எப்படி எழுதுவது என்பார்கள். விண்ணப்பித்த எல்லாருக்கும் எழுதச் சொல்லவில்லை, நேரில் கூப்பிட்டுப் பேசியவர்களுக்கு எழுதச் சொல்கிறேன், அது ஒரு பதவிக்கு ஐந்தோ பத்தோ பேர். காரணம் சொன்னால் வழக்கு போடுவார்கள் என்பார்கள். காரணம் வேண்டாம், முடிவை மட்டும் சொல்லுங்கள். முதல் ஆள் வராவிட்டால் இவரைக் கூப்பிடலாம் என்று கையிருப்பில் வைத்திருக்கிறோம் என்பார்கள், இதுதான் பெரும்பாலும் உண்மையான காரணம். அதையே சொல்லலாமே, நீங்கள் இரண்டாவதாக இருக்கிறீர்கள், இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க முடியுமா என்று. பெரியவர்களிடம் பெரியவர்கள் பேசுவது அப்படித்தான். முடியும், முடியாது என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

இது நடக்கிற காரியம் என்பதற்கு இப்போது சட்டமே வந்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் அந்த வேலைக்கு முடிவு எடுத்தாகிவிட்டதா என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட வேண்டும், தேர்வில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் சொல்ல வேண்டும். 45 நாள் என்பது என்னைக் கேட்டால் அதிகம்தான், இரண்டு வாரம் போதும். ஆனாலும் தகவல் சொல்வதைக் கடமை என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே, நேர்காணலுக்கு அழைத்த நிறுவனம் தர மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லவில்லை என்றால், வந்தவரின் பயணச் செலவைக் கேட்டால் கொடுக்க வேண்டும். கூப்பிட்டவருக்குத்தான் பொறுப்பு என்ற நியாயம் அதில் இருக்கிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பத்திரிகையாலேயே ஒன்று செய்ய முடியும். வேலைவாய்ப்பு விளம்பரம் கொடுக்க வருகிற நிறுவனங்களிடம் இரண்டு விவரம் கேளுங்கள்: சம்பள வரம்பு எவ்வளவு, நேர்காணலுக்கு வந்தவர்களுக்கு எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வீர்கள். இரண்டையும் விளம்பரத்தோடு போடுங்கள். சொல்ல மறுப்பவர்களின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, பத்திரிகைக்கும் வருமானம் வேண்டும், எனக்குத் தெரியும். அந்த இடத்தில் தெரிவிக்கப்படவில்லை என்று மட்டும் அச்சிடுங்கள், படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்படியே, உடை பற்றிய கட்டுரைக்குக் கொடுத்த அதே முக்கால் பக்கத்தை இன்னொரு வாரம் பேனலில் உட்காருகிறவர்களுக்காகவும் ஒதுக்குங்கள், எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்